மலைக்காட்டை ரிசர்விலிருந்து எடுக்கும் முன் நம்மைக் கேட்க வேண்டும்

மழை ஓய்ந்த காலையில் கோலாலம்பூரிலிருந்து கிழக்கே பார்த்தால் தித்திவங்சா மலைத்தொடர் தெளிவாகத் தெரியும். கெந்திங் மலைக்கோ பிரேசர் மலைக்கோ போகும் வழியில் நாம் கடக்கும் காடுகளில் பெரும்பகுதி ‘ஹூத்தான் சிம்பான் கெக்கால்’, அதாவது நிரந்தர ஒதுக்குக் காடு. பெயரிலேயே நிரந்தரம் இருப்பதால் இதை யாரும் தொட முடியாது என்றுதான் பலர் நினைக்கிறோம். மாநில அரசு நினைத்தால் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு காட்டை எடுத்துவிடலாம். ஆனால் சிலாங்கூரில் அப்படி எடுப்பதற்கு முன் பொது விசாரணை நடத்தியாக வேண்டும். அதில் ஆட்சேபம் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது.

முதலில் பறவைகள். பிரேசர் மலைக்கு ஏறும் பழைய கேப் சாலையில், விடிவதற்கு முன், ஆறரை மணி இருட்டில் காரை நிறுத்திக் காத்திருந்தால் சாலை ஓரத்தில் ஒரு பறவை தத்தித் தத்தி வரும். கறுப்பா நீலமா என்று சொல்ல முடியாத நிறம். ஈரத் தாரில் புழு பொறுக்கும். வெளிச்சம் கொஞ்சம் ஏறியதும் ஓடைப்பக்கம் மறைந்துவிடும். இதுதான் மலேசியன் விஸ்லிங் திரஷ். இதுவும், முதுகிலும் வாலிலும் கண் கண்ணாகப் புள்ளி கொண்ட மவுண்டன் பீகாக் பெசன்ட் என்ற மலைக்கோழியும் தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. தாழ்நிலப் பறவைக்கு ஒரு காடு போனால் பக்கத்துக் காடு இருக்கலாம். குளிர்ந்த மேல்மலையில் மட்டும் வாழும் பறவைக்கு, கீழே இறங்கினால் வெப்பம், மேலே ஏற இடமில்லை. அதனால்தான் மலையில் போகும் ஒவ்வொரு ஹெக்டரும் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். நமது அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் தீபகற்ப மலேசிய மாநிலங்களுக்குப் பொதுவாக எழுதப்பட்டது என்றாலும், ஒவ்வொரு மாநிலமும் அதைத் தன் சட்டமன்றத்தில் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும். அதன் 11-வது பிரிவு, ஒரு நிலம் எதற்காக ஒதுக்கப்பட்டதோ அதற்கு இனித் தேவையில்லை என்றும், அதைவிடக் கூடுதல் பொருளாதாரப் பயனுக்கு வேண்டும் என்றும் மாநில அரசு கருதினால் அதை ரிசர்விலிருந்து நீக்கலாம் என்கிறது. பழைய சட்டத்தில் மக்களைக் கேட்க வேண்டும் என்ற சொல்லே இல்லை. மாற்று நிலம் தருவதும் ‘முடிந்தால்’ என்ற அளவில்தான் இருந்தது.

சிலாங்கூர் 2011-இல் தன் மாநிலத்துக்குப் பொது விசாரணையைக் கட்டாயமாக்கியது. 2022-இல் நாடாளுமன்றம் தேசியச் சட்டத்தையே திருத்தியது. நீக்கும் முன் பொது விசாரணை வேண்டும், நீக்கும் நிலத்துக்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய நிலத்தை மாற்றாக ஒதுக்க வேண்டும் என்று வந்தது. இந்தத் திருத்தத்தையும் மாநிலம் தனியாக ஏற்க வேண்டும். பிரேசர் மலை ஊர் பகாங்கில் இருக்கிறது, அதற்கு ஏறும் சாலையின் கீழ்ப்பகுதி சிலாங்கூரில். எனவே எந்த மாநிலக் காடு என்று முதலில் பாருங்கள்.

ஆட்சேபித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு சிலாங்கூரின் கோல லங்காட் வடக்குக் காட்டின் கதையைச் சொல்வேன். அது மலையல்ல, சதுப்புக் காடு, சட்டம் ஒன்றுதான். 2020 பிப்ரவரியில் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது, 30 நாள் அவகாசம். 45,000-க்கும் அதிகமான ஆட்சேபங்கள் குவிந்தன. அப்படியும் ஒரு பகுதியை நீக்கிவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் அது வெளியே தெரிந்ததும் எதிர்ப்பு மறுபடி கிளம்பியது. செப்டம்பரில் மாநில அரசு தன் முடிவைத் திரும்பப் பெற்று, அந்த இடத்தை மீண்டும் ஒதுக்குக் காடாக்குவதாக அறிவித்தது. விசாரணை அரசைக் கட்டிப்போடாது, உண்மைதான். ஆனால் அத்தனை ஆட்சேபமும் எழுத்தில் பதிவாகி இருந்ததால்தான் பின்னால் கேள்வி கேட்க முடிந்தது.

அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில், மலாய் மொழியில், பொடி எழுத்தில் வரும். பார்த்ததும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டின் பெயர், கம்பார்ட்மெண்ட் (காட்டின் உட்பிரிவு) எண், எத்தனை ஹெக்டர், கடைசி நாள் எது, கடிதம் எந்த முகவரிக்கு, இவை எல்லாம் அதிலேயே இருக்கும். யார் ஆட்சேபிக்கலாம் என்று சில ஊர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கலாம். அப்படி இருந்தாலும் கோலாலம்பூர்க்காரர்கள் ஒதுங்க வேண்டாம். நம் வீட்டுக் குழாயில் வருவது சிலாங்கூர் ஆறுகளின் தண்ணீர், அந்த ஆறுகள் பிறப்பது இந்த மலைகளில். கோலகுபு பாருவைத் தாண்டிப் பிரேசர் மலைக்குப் போகும்போது பார்க்கிறோமே, அந்த அணைக்கட்டு யாருக்காக? நீங்களும் பாதிக்கப்படுபவர் என்பதற்கு அது போதும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி, காட்டின் விவரம், அப்புறம் காரணம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட வேண்டாம். ஒதுக்குக் காடு என்றாலே மரம் வெட்ட முடியாது என்பதல்ல. சட்டத்தின் 10-வது பிரிவு காடுகளை வகை பிரிக்கிறது: நீர்ப்பிடிப்புக் காடு, மண் காக்கும் காடு, வனவிலங்கு சரணாலயக் காடு, அதோடு மர உற்பத்திக் காடும் உண்டு. மர உற்பத்திக் காட்டில் உரிமம் பெற்று வெட்டுவதற்கு இந்தப் பொது விசாரணை கிடையாது. விசாரணை, ரிசர்விலிருந்து நீக்கும்போது மட்டும். ஆகவே உங்கள் பக்கத்து மலைக்காடு எந்த வகையில் இருக்கிறது என்று மாநில வன இலாகாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கடிதத்தில் காரணம் எழுதும்போது ‘காடு அழகானது’ என்று நிறுத்திவிடாமல் இப்படி எழுதுங்கள்: ‘இந்தக் காடு நான் குடிக்கும் ஆற்றின் நீர்ப்பிடிப்பு, இன்ன பறவையை இன்ன தேதியில் இன்ன சாலை ஓரத்தில் பார்த்தேன், இந்தக் காடு ஒதுக்கப்பட்ட தேவை இன்னும் தீரவில்லை.’ 11-வது பிரிவு கேட்பது சரியாக அந்தக் கடைசி வரிக்கான பதிலைத்தான்.