இன்று இந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள்?

தென் பிரான்சின் செவென் மலைகளில் பதினோரு வருடங்களாக மலைச் சைக்கிள் வழிகாட்டியாக வேலை பார்க்கிறேன். கோடையில் பெரும்பாலும் விடுமுறைக்கு வரும் குடும்பங்கள், மற்ற மாதங்களில் பள்ளிப் பிள்ளைகள். கொஞ்ச நாளாகப் பாரிஸ் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் ரயிலேறி நீம் நகரத்துக்கு வந்து அங்கிருந்து மலைக்கு வருகிறார்கள், அவர்களைப் பார்க்கும்போது மனசுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. வருவதற்கு முன் நிறையக் கேள்வி கேட்பார்கள். எந்த டயர் போடலாம், எத்தனை கிலோமீட்டர், ஏற்றம் எவ்வளவு, எல்லாம் கேட்பார்கள். இன்று அந்தக் காட்டில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் பார்த்த ஆபத்துகளில் பாதி அந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது ஆளில்லாத காடு என்று நினைத்துவிடாதீர்கள். செவென் தேசியப் பூங்கா 1970இல் உருவானது, ஆனால் அதன் நடுப்பகுதியிலேயே மக்கள் குடியிருக்கிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள், மரம் வெட்டுகிறார்கள். பிரான்ஸ் முழுவதையும் எடுத்துக்கொண்டால் காட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு தனியாருக்குச் சொந்தம். நீங்கள் ஓட்டுகிற பாதை யாரோ ஒருவருடைய கஷ்கொட்டைத் தோப்பு வழியாகப் போகிறது, அவர் சம்மதித்ததால்தான் அங்கே பாதையே இருக்கிறது. வழியில் வேலிக் கதவு மூடியிருந்தால் திறந்து போய்விட்டு மறுபடி மூடுங்கள். திறந்திருந்தால் அப்படியே விடுங்கள்.

முதலில் குறிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு சைக்கிள் சம்மேளனம் வைக்கும் குறி ஒரு முக்கோணமும் இரண்டு வட்டங்களும், முக்கோணத்தின் முனை காட்டும் பக்கம் போக வேண்டும். பச்சை மிக எளிது, நீலம் எளிது, சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். மரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பட்டைகள் தீட்டியிருந்தால் அது நெடுந்தூரம் நடப்பவர்களுக்கான குறி, மஞ்சள் பட்டை என்றால் உள்ளூர் நடைபாதை. இதைக் குழப்பிக்கொண்டு நடைபாதைக் குறியைப் பின்தொடர்ந்து போய், கடைசியில் கற்படிக்கட்டு மேல் சைக்கிளைத் தோளில் சுமந்து இறங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அந்த நான்கு நிறங்களுக்கும் நேற்று ராத்திரி மழை பெய்தது தெரியாது. இங்கே தரை பெரும்பாலும் ஏடு ஏடாகப் பிளக்கும் பலகைக்கல், காய்ந்திருந்தால் டயர் நன்றாகப் பிடிக்கும், நனைந்து அதன்மேல் கஷ்கொட்டை இலையும் படிந்தால் சோப்புத் தடவிய மாதிரி வழுக்கும். அக்டோபரில் மழைக்கு அடுத்த நாள் நீலப் பாதையை நான் சிவப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, வேட்டைக்கு வருவோம். பிரான்சில் பொது வேட்டைக் காலம் பெரும்பாலான இடங்களில் செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி கடைசி வரை போகும், காட்டுப்பன்றிக்கு அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஒரு பக்கம் நாய்களும் ஆட்களும் பன்றியைக் கலைத்து ஓட்டுவார்கள், இன்னொரு பக்கம் துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் நிற்க வசதியான இடம் எது? காட்டுப் பாதைதான். அதாவது நாம் ஓட்டி வருகிற பாதை. 2018 அக்டோபரில் ஓத்-சவ்வா மலையில், நிறமான ஹெல்மெட்டோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த 34 வயது பிரிட்டிஷ்காரர் ஒருவர் வேட்டைக்காரரின் குண்டு பட்டு இறந்தார். அவர் போன பாதை பலரும் போய்வரும் பாதை. அந்தச் செய்தி வந்த வாரம் நான் ஒருவரையும் காட்டுக்குள் அழைத்துப் போகவில்லை, போக மனசு வரவில்லை.

பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை போடுங்கள், கட்டாயம். ஆனால் அது மட்டும் போதாது. நான் செய்வது, காலையில் ரொட்டிக்கடையில் கேட்பேன், ஊராட்சி அலுவலக வாசல் அறிவிப்பைப் பார்ப்பேன். 'வேட்டை நடக்கிறது' என்ற பலகை வழியில் இருந்தால் நின்றுவிடுவேன். ஆள் கண்ணில் பட்டால் தூரத்திலேயே குரல் கொடுத்து 'போஞ்சூர்' சொல்லி, எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்பேன். பெரும்பாலும் மரியாதையாகத்தான் பதில் வரும், கையில் இருக்கும் வாக்கி-டாக்கியில் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுவார்கள். ஒரு நவம்பர் சனிக்கிழமை ஆறு பேரோடு போனபோது ஒரு பெரியவர் எங்களை இருபது நிமிஷம் நிற்கச் சொன்னார். குழுவில் ஒருவருக்குக் கோபம், நாங்கள் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் நாங்கள் போக இருந்த வளைவின் குறுக்கே மூன்று பன்றிகள் பாய்ந்தன, பின்னாலேயே நாய்கள், பிறகு இரண்டு வெடிச் சத்தம். அப்புறம் ஒருவரும் பேசவில்லை.

ஆட்டு மந்தைக்கும் இதே கவனம் வேண்டும். ஜூன் மாதம் ஆடுகள் எகுவால், லொசேர் மலைகளுக்கு ஏறும். சில மந்தைகளோடு பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கும், 'பாத்தூ' என்பார்கள், ஓநாயைத் தடுக்க வைத்திருப்பது. வேகமாக வரும் சைக்கிள் அதற்கு எதிரிதான். இறங்குங்கள், சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே மந்தையைச் சுற்றி நடந்து போங்கள். கல்லெடுக்காதீர்கள், ஓடாதீர்கள்.

இப்போது தண்ணீர். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் நம் ஆட்கள் ஆற்றைப் பார்த்ததும் காலை நனைக்காமல் வர மாட்டார்கள். லோ, த்ருயேர், தோர்தோஞ் பள்ளத்தாக்குகளில் அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. மின்சாரம் தேவைப்படும்போது தண்ணீரைத் திறந்துவிடுவார்கள், வெயிலடிக்கும் நாளிலும் ஆறு சட்டென்று ஏறும். கரையில் வைத்திருக்கும் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இதைத்தான் சொல்கிறது, அதன் அடியிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை எழுப்பி மேலே அனுப்பியிருக்கிறேன். 1995 டிசம்பர் 4ஆம் தேதி கிரெனோபிள் அருகே திராக் ஆற்றில், பள்ளியிலிருந்து வந்த ஆறு குழந்தைகளும் கூட வந்த பெண் ஒருவரும் இப்படித் திறந்துவிட்ட தண்ணீரில் அடித்துப் போய் இறந்தார்கள். ஆற்றின் நடுவில் திட்டு காய்ந்து கிடந்தாலும் சாப்பாட்டுக்கு அங்கே போகாதீர்கள்.

செவெனில் அணை இல்லாத ஆறும் பொறுத்திருக்காது. இலையுதிர்காலத்தில் மத்தியதரைக் கடலின் சூடான ஈரக்காற்று வந்து இந்த மலையில் மோதி, ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் கொட்டும். 2002 செப்டம்பர் 8, 9 தேதிகளில் கார் மாவட்டத்து அந்தூஸில் 24 மணி நேரத்துக்குள் 687 மில்லிமீட்டர் பெய்தது, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கார்தோன் ஆறு இப்படிப் பொங்கி வருவதற்கு 'கார்தொனாத்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருந்தால் நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மழை தொடங்கிய பிறகு பாதை ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு வந்தால், முட்டளவுதானே என்று இறங்க வேண்டாம், வந்த வழியே திரும்பி மேட்டுக்குப் போங்கள்.

மின்சார சைக்கிள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாடகைக்கு எடுத்தவர்கள் அரை நாள் கால் வலிக்காமல் முகட்டுக்கு ஏறிவிடுகிறார்கள், முன்பெல்லாம் அந்த உயரத்துக்கு வர வேண்டுமென்றால் சில வருடப் பழக்கம் தேவைப்பட்டது, அந்தப் பழக்கம்தான் இறங்கவும் கற்றுக் கொடுத்தது. மோட்டார் ஏற்றிவிடும், இறக்கிவிடாது. இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியை ஈரக் கல்லில் கீழே கொண்டுவர உங்கள் விரலும் பிரேக்கும்தான். இரண்டு வருடம் முன்பு தார்ன் பள்ளத்தாக்கில் எனக்கு நேர்ந்தது இது. வந்தவர் ஏறும்போது மிக நன்றாக ஏறினார், அதைப் பார்த்து நான் சிவப்புப் பாதையில் இறக்கிவிட்டேன், இறக்கத்தில் அவரை முதலில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும், செய்யவில்லை. மூன்றாவது வளைவில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, தலைகீழாக விழுந்து தோளெலும்பு உடைந்தது. தப்பு என்னுடையது.

அன்று எலும்பை விடப் பெரிய பிரச்சினை தொலைபேசி. பள்ளத்தாக்கின் அடியில் சிக்னல் கிடையாது, சுவர் மாதிரிப் பாறை நானூறு ஐந்நூறு மீட்டர் நிற்கிறது. அவரைக் கதகதப்பாகப் போர்த்தி, கூட ஒருவரை உட்காரவைத்துவிட்டு, நான் மறுபடி மேலே ஏறினேன். 112க்கு எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைத்தாலும் அழைப்பு போகும். பேச முடியாத நிலையில் 114க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். எடுத்ததும் எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். நான் சொல்ல முடிந்தது, ஏனென்றால் கடைசியாகப் பார்த்த மரப்பலகையில் எழுதியிருந்த இடப்பெயரையும் உயரத்தையும் படம் எடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு சந்திப்பிலும் இருக்கும் அந்தப் பலகையைப் படம் எடுங்கள், ஐந்து நொடி ஆகாது. வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

உண்ணியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் வைக்காமல், சுடாமல், மருந்துக்கடையில் கிடைக்கும் சின்னக் கொக்கியால் சுழற்றி எடுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் போங்கள், லைம் நோய் ஆரம்பத்தில் மாத்திரையிலேயே சரியாகும்.

அக்டோபரில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பள்ளத்தாக்கின் அடியில் வெயில் நான்கு மணிக்கே போய்விடும். மேலே முகட்டில் இன்னும் பொன் நிறமாக வெளிச்சம் இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்து இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று தோன்றும். நான் மூன்று மணிக்குக் கடைசி இறக்கத்தைத் தொடங்கிவிடுவேன், விளக்கு இருந்தாலும்.