எஸ்எஸ்எச் கீ: விசையா, சாவியா, பூட்டா?

வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவரிடம், "உங்கள் பப்ளிக் கீயை அனுப்புங்கள், சர்வரில் சேர்த்துவிடுகிறேன்" என்றேன். வந்து சேர்ந்தது பிரைவேட் கீ. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு சோடி உருவாக்கச் சொன்னேன். அவர்மேல் தப்பில்லை. எஸ்எஸ்எச் வழியாகச் சர்வரில் நுழையத் தேவைப்படும் இரண்டு கோப்புக்கும் 'கீ' என்றே பெயர். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. தமிழிலாவது அதைச் சொல்லும் பெயர் வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

எஸ்எஸ்எச் என்பது செக்யூர் ஷெல் என்பதன் சுருக்கம். தொலைவில் இருக்கும் கணினிக்குள் வலையமைப்பு வழியே பாதுகாப்பாக நுழைய உதவுவது. ஷெல் என்றால் ஓடு. இயங்குதளத்தின் உள்ளே இருப்பது கெர்னல், அதாவது பருப்பு. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி உள்ளே கொண்டுபோவது அதைச் சுற்றியிருக்கும் ஓடு. 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடிவிட்டார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென் அதற்கு விடையாக எழுதியதுதான் எஸ்எஸ்எச். அதே வேலைக்கு அதுவரை புழக்கத்தில் இருந்த டெல்நெட்டில் கடவுச்சொல் அப்படியே வெறும் எழுத்தாகப் பயணம் செய்தது. இன்று பெரும்பாலும் நாம் பயன்படுத்துவது 1999இல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழுவினர் வெளியிட்ட ஓபன்எஸ்எஸ்எச்.

சரி, 'கீ'க்கு வருவோம். நம் 'சாவி' போர்த்துக்கீசியரின் 'சாவே'. ஜன்னலும் அலமாரியும் வந்த அதே வழியில் வந்தது. தமிழின் சொந்தச் சொல் திறவுகோல். பழைய கோயில் கதவுகளைத் திறக்கும் நீண்ட இரும்புக் கம்பியைப் பார்த்தவர்களுக்கு, அதில் 'கோல்' ஏன் இருக்கிறது என்பது விளங்கிவிடும். ஈழத்தில் இன்றும் வீட்டுச் சாவியைத் திறப்பு என்கிறார்கள். மூன்றுமே நல்ல சொற்கள்தான். ஆனால் சில மொழிபெயர்ப்புகளில் 'பொது விசை', 'தனி விசை' என்று பார்க்கிறேன். விசை என்பது அழுத்துவது, விசைப்பலகையில் இருப்பது. அது எதையும் திறக்காது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் குழம்ப வேண்டியதில்லை.

'பொதுச் சாவி' என்பதிலும் எனக்கு மனக்குறை உண்டு. பொதுச் சாவி என்றதும் எல்லோரும் திறக்கக்கூடிய சாவி என்றே தோன்றும். நடப்பது அதற்கு நேர்மாறு. மறையாக்க ஆய்வாளர்களான டிஃபியும் ஹெல்மேனும் 1976இல் முன்வைத்த கருத்தின் வழியில், கணக்கால் பிணைந்த இரண்டு எண்கள் சோடியாக உருவாகின்றன. பப்ளிக் கீயை வைத்துப் பிரைவேட் கீயைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் முடியாது. எஸ்எஸ்எச்சில் பப்ளிக் கீ சர்வரில் போய் உட்காரும். பிரைவேட் கீ நம் கணினியை விட்டு நகராது. நுழையும்போது, அந்த இணைப்புக்கென்றே உருவான ஒரு தரவின்மேல் பிரைவேட் கீ கையெழுத்திடும். சர்வர் தன்னிடம் உள்ள பப்ளிக் கீயை வைத்து அதைச் சரிபார்க்கும். ஆக, ஊரார் வாசலில் நாம் மாட்டிவிட்டு வருவது பூட்டு. இடுப்பில் முடிந்துகொள்வதுதான் சாவி. அதனால் பப்ளிக் கீயைப் 'பூட்டு' என்றும், பிரைவேட் கீயைத் 'திறவுகோல்' என்றும் சொல்லிக்கொடுக்கிறேன். பூட்டைப் பத்துப் பேரிடம் கொடுத்தாலும் பயமில்லை என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

இந்தப் பெயர்களோடு மற்ற வேலைகளும் எளிதாகப் புரியும். எஸ்எஸ்எச்-கீஜென் என்ற கட்டளை பூட்டையும் திறவுகோலையும் ஒருசேரச் செய்துகொடுக்கும். கட்டளையில் கீயின் வகையை இடி25519 (ed25519) என்று கொடுங்கள். பூட்டு ஒரே வரியில் அடங்கிவிடும். '.பப்' என்று முடியும் கோப்புதான் பூட்டு. அப்புறம் திறவுகோலைக் காக்க அந்தக் கட்டளை கேட்கும் பாஸ்ஃபிரேஸுக்குக் 'கடவுத்தொடர்' என்பது பொருந்தும், ஒற்றைச் சொல்லாக இல்லாமல் நீண்ட தொடராக இருப்பதால். பலர் அங்கே வெறுமனே என்டர் தட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மடிக்கணினி தொலைந்தால், எடுத்தவருக்கும் உங்கள் திறவுகோலுக்கும் நடுவே நிற்பது அந்தத் தொடர் மட்டுமாகவே இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அதைத் தட்டச் சோம்பலாக இருந்தால் எஸ்எஸ்எச்-ஏஜென்ட் என்ற துணை நிரல் திறவுகோலை நினைவில் வைத்துக்கொள்ளும்.

தொலைந்தே போனால்? திறவுகோலைத் தேடி ஓட வேண்டாம், பூட்டைக் கழற்றினால் போதும். சர்வரில் 'ஆத்தரைஸ்டு கீஸ்' என்ற கோப்பில் ஒரு வரிக்கு ஒரு பூட்டு இருக்கும். அந்த வரியை அழித்துவிட வேண்டும். எந்த வரி யாருடையது என்று தெரிய, வரிக் கடைசியில் ஒரு குறிப்பு எழுத இடம் உண்டு. உருவாக்கும்போதே அங்கே ஆளின் பெயரையும் எந்தக் கணினி என்பதையும் எழுதிவையுங்கள். அந்தத் தம்பியின் புதுப் பூட்டை 'வீட்டு மடிக்கணினி' என்ற குறிப்போடுதான் சேர்த்தேன்.