ஹைப்போகொலஸ்டெரோலீமிக்னா என்ன? கொலஸ்ட்ராலை கொழுப்புன்னு சொல்லலாமா?

எலிக்கு வெந்தயம் குடுத்து செஞ்ச ஆராய்ச்சிக் கட்டுரைங்களோட தலைப்புல ரயில் நீளத்துக்கு ஒரு வார்த்தை வரும், ஹைப்போகொலஸ்டெரோலீமிக். மிரள வேணாம், கிரேக்கத் துண்டுகளை ஒட்டுனதுதான். ஹைப்போன்னா குறைவு, கடைசில வர்ற ஈமியா ரத்தம், அனீமியால வருதே அதே ஈமியாதான், நடுவுல கொலஸ்ட்ரால். ஆக, ரத்தத்துல கொலஸ்ட்ராலை இறக்குற சரக்குன்னு அர்த்தம். தமிழ்ல எழுதும்போது பேசாம "கொழுப்பைக் குறைக்கும்"னு போட்டுடறாங்க, எனக்கு அதுலதான் தகராறு.

கொலஸ்ட்ரால்ங்கற பேர்லயே கொழுப்பு கிடையாது. கோலே = பித்தம் (கல்லீரல் சுரக்கற செரிமான நீர்), ஸ்டீரியோஸ் = கெட்டியானது. 18ஆம் நூற்றாண்டுல பித்தப்பை கல்லுலேர்ந்துதான் முதல்ல இதை பிரிச்செடுத்தாங்க, 1815ல ஷெவ்ரோல்ங்கற பிரெஞ்சு வேதியியலாளர் கொலஸ்டரின்னு பேர் வெச்சாரு, 1859ல பெர்த்தலோ இது ஆல்கஹால் வகைன்னு காட்டுனாரு, அதனாலதான் பின்னாடி வால்ல "ஆல்" ஒட்டிக்கிச்சு (சாராயம்னு நெனச்சுக்காதீங்க, வேதியியல்ல ஆல்கஹால்ங்கறது பெரிய குடும்பம்). கொழுப்புன்னா கிளிசராலோட கொழுப்பமிலம் சேர்ந்தது, உடம்பு அதை எரிச்சு சக்தியாக்கிடும். கொலஸ்ட்ரால் மூலக்கூறுல இருக்கற வளைய அமைப்பை உடம்பால உடைக்கவே முடியாது, எரிக்கறதுக்கு வழியே இல்ல. அது வெளிய போறதுக்கு இருக்கற பெரிய வாசல் பித்தம்தான், ஒண்ணு கல்லீரல் அதை பித்த அமிலமா மாத்தும், இல்ல அப்படியே பித்தத்துல கலந்து குடலுக்கு அனுப்பும்.

வெந்தயம் கை வைக்கறது சரியா அந்த வாசல்லதான். ஊறுன வெந்தயம் வழுவழுன்னு இருக்கும்ல, அது கேலக்டோமேனன்ங்கற நார், குடல்ல கூழ் மாதிரி ஆகி பித்த அமிலத்தை சிக்க வெச்சுடும். கூடவே சாப்போனின் இருக்கு, லத்தீன்ல சாப்போன்னா சோப்பு, நுரை வர்றதால வந்த பேரு, அது கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படறதை தடுக்கும். சாதாரணமா குடலுக்கு வர்ற பித்த அமிலத்துல 95 சதவீதம் போல திரும்ப கல்லீரலுக்கே போயிடும், செம சிக்கனம். வெந்தயம் தின்ன எலியோட புழுக்கையில பித்த அமிலம் கூடுதலா போகுது, கல்லீரல் இழந்ததை ஈடுகட்ட இருக்கற கொலஸ்ட்ராலை எடுத்து புதுசா பித்த அமிலம் பண்ணுது, ரத்தத்துல அளவு இறங்குது. விதையில எண்ணெயை எடுத்துட்டு மிச்சத்தை குடுத்தாலும் இது நடக்குது, அதாவது வேலை நாருலயும் சாப்போனின்லயும்தான்.

இதுல ஒரு கூத்து, இந்த ஆராய்ச்சி எலிக்கு (ரேட்டுன்னு சொல்ற பெரிய எலி, சுண்டெலி இல்ல) பித்தப்பையே கிடையாது! பித்தம் சுரக்கும், ஆனா சேத்து வெக்காம நேரா குடலுக்கு ஒழுகிடும். இன்னொண்ணு, வெறுமனே கொலஸ்ட்ராலை ஊட்டுனா எலி அசர்றதில்ல, அதோட கல்லீரல் சளைக்காம பித்த அமிலமா மாத்தித் தள்ளிடும். அதனால ஆராய்ச்சில தீவனத்துல கொலஸ்ட்ராலோட கோலிக் அமிலத்தையும் கலக்கறாங்க. அதுவே ஒரு பித்த அமிலம்தான், உறிஞ்சறதை கூட்டி, பித்த அமிலமா மாத்தற வேலையை அமுக்கிடும். போதாக்குறைக்கு எலி ரத்தத்துல கொலஸ்ட்ரால் பெரும்பாலும் ஹெச்டிஎல்லதான் ("நல்ல கொலஸ்ட்ரால்"ங்கறாங்களே, அது) இருக்கும், நம்மளுக்கு எல்டிஎல்ல ("கெட்ட கொலஸ்ட்ரால்"). அதனால எலி ரிசல்ட்டை பாத்து நல்லது கெட்டதுன்னு அப்படியே நம்ம மேல ஒட்டக்கூடாது. அளவும் அப்படித்தான், தீவனத்துல நூத்துக்கு 10 பங்கு வெந்தயப்பொடின்னு வெச்சா, நாளைக்கு அரைக்கிலோ உலர்ந்த சாப்பாடு சாப்பிடற ஆளுக்கு 50 கிராம் வருது. கசப்பு தாங்குவீங்களா?

சரி, தமிழ்ல எப்படி சொல்றது. "கொழுப்பு" வேணாம், அது ஃபேட்டுக்கு ஏற்கனவே இருக்கு, திமிருக்கும் இருக்கு, "உனக்கு கொழுப்பு ஜாஸ்தி"ன்னு டாக்டர் சொன்னா எதைச் சொல்றார்னே தெரியாது. லிப்பிடுக்கு கொழுமியம்னு நல்ல சொல் இருக்கு, ஆனா அது கொழுப்பு, கொலஸ்ட்ரால்னு மொத்த கூட்டத்துக்கும் பொதுப்பேரு. "ரத்தக் கொழுப்பு"ன்னா ட்ரைகிளிசரைடும் (மேல சொன்ன கிளிசரால் கொழுப்பு) அதுக்குள்ள வந்துடும். வேரை பாத்து மாத்துனா பித்தத்திண்மம்னு வரும், எனக்கு புடிச்சிருக்கு, பித்தம்ங்கற வார்த்தையும் வடமொழியிலேர்ந்து வந்ததுன்னு யாராவது சண்டைக்கு வரலாம், வரட்டும். கிரேக்கர்களும் கறுப்புப் பித்தம்னு சொல்லித்தான் மெலன்கோலியான்னு மனச்சோர்வுக்கு பேர் வெச்சாங்க, நாமளும் பித்து புடிச்சவன்ங்கறோம், ரெண்டு பக்கமும் பித்தம் தலைக்கு ஏறியிருக்கு.

பேச்சுக்கு கொலஸ்ட்ரால்னே விட்டுடலாம், எல்லாருக்கும் புரியுது. விளக்கம் எழுதற இடத்துல ஒரே ஒரு தடவை பித்தத்திண்மம்னு பக்கத்துல போட்டா போதும். அந்த ரயில் வார்த்தைக்கு "ரத்தக் கொலஸ்ட்ரால் குறைப்பி"ன்னு நான் எழுதுவேன்.