ஏரிச் சேற்றில் ஒரு மக்காச்சோளக் கொல்லை

பழங்கால மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவது என் வேலை. ஏரியடிச் சேற்றைக் குழாயால் உருவி எடுத்து, அடுக்கடுக்காகக் கரைத்து, எந்தக் காலத்தில் என்ன செடி நின்றது என்று பார்ப்போம். இந்த வேலைக்கு வந்த பிறகு, "மனிதக் காலடி படாத காடு" என்று யாராவது சொன்னால் நான் சட்டென்று தலையாட்டுவதில்லை.

ஈக்வடாரில், ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவில் கிஹோஸ் பள்ளத்தாக்கு இருக்கிறது. மேகம் தவழும் காடு, சுற்றிலும் கயம்பே, அன்டிசானா, ரெவென்டடோர் எரிமலைகள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் போன பயணிகள் அதை ஆளரவமற்ற ஆதிவனம் என்றே எழுதிவைத்தார்கள். அங்குள்ள ஊய்லா ஏரியின் சேற்றை ஆராய்ந்து 2018இல் வெளியான முடிவு வேறு மாதிரி. அடியில் இருந்தவை மக்காச்சோள மகரந்தமும் கரித்துகள்களும்.

மக்காச்சோள மகரந்தம் பெரியது, கனமானது. காற்றில் வெகுதூரம் போகாது. ஏரிச் சேற்றில் அது கிடைத்தால் கொல்லை கிட்டத்தட்டக் கரையிலேயே இருந்திருக்கிறது. 1950க்குப் பிறகு மாட்டுப் பண்ணைக்காக அழிந்த காட்டைவிட, ஐரோப்பியர் வருவதற்கு முன் கிஹோஸ் மக்கள் திருத்திய நிலம் அதிகம்!

ஸ்பானியர்கள் 1559இல் பாயேசா ஊரை நிறுவினார்கள். கொள்ளைநோயும் கட்டாய உழைப்பும் மக்களைத் தின்றன. 1578இல் கிஹோஸ் தலைவர் ஹுமாண்டி தலைமையில் எழுந்த கலகமும் நசுக்கப்பட்டது. சேற்றில் சுமார் 1588ஓடு அந்த விவசாயம் நின்றுபோகிறது. அப்புறம் மெல்ல மெல்ல மரங்கள் ஏறி, சுமார் 130 ஆண்டுகளில் அடர்காடு. ஆதிவனம் என்று பயணிகள் வியந்தது, ஆளிழந்த கொல்லைகள்மேல் எழுந்த அந்தக் காட்டைத்தான்.

எரிமலைக்கும் இதில் பங்கு உண்டு. 2002 நவம்பரில் ரெவென்டடோர் வெடித்தபோது கீட்டோ நகர்வரை சாம்பல் கொட்டியது. அப்படி விழும் சாம்பல் காலப்போக்கில் ஈரம் பிடிக்கும் நல்ல கருமண்ணாகிறது. ஆய்வகத்தில் அதுவே தொல்லை: சாம்பல் என்பது பொடியான கண்ணாடி, மகரந்தத்தை மறைத்துவிடும். அதைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும், மிகவும் ஆபத்தானது. ஆனாலும் சாம்பல் அடுக்கைப் பார்த்தால் எனக்கு நிம்மதிதான். ஒரே வெடிப்பில் விழுந்தது என்பதால் பல ஏரிகளின் காலத்தை ஒன்றோடொன்று பொருத்த அது உதவும். சாம்பல் எப்போதோ ஒருமுறை விழும், காடு அதைத் துளைத்துக்கொண்டு வளரும். நெருப்பும் மண்வெட்டியும் ஆண்டுதோறும் வந்தால்தான் மரம் எழ முடியாது.

130 ஆண்டில் காடு தானே திரும்பும், வெட்டலாம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று சாலை இல்லை, மாட்டுப் பண்ணை இல்லை, விதை தர அக்கம்பக்கத்தில் மரங்கள் நின்றன. அதேபோல, இன்று ஆளில்லாத காடு என்றும் ஆளில்லாமலே இருந்தது என்று சொல்லி, தலைமுறைகளாக அங்கே வாழ்பவர்களை வெளியேற்றுவதும் அநியாயம்.

மலைச்சரிவில் காட்டை மீட்கத் திட்டம் போடுகிறவர்கள் நாற்று வாங்கும் முன், பழைய கொல்லைகளின் பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். பக்கத்து ஏரிச் சேற்றையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். குழாயில் எடுத்த சேற்றைக் காயவிடாமல், எது மேல்முனை என்று குறித்து அனுப்ப வேண்டும்.