பனங்காட்டு நரியை நடுங்க வைப்பது எப்படி?

பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பார்கள். அதட்டலுக்கு மசியாத ஆளைக் குறித்துத் திருநெல்வேலிச் சீமையில் அன்றாடம் புழங்கும் இந்தப் பழமொழி, பேய்ப்படம் எடுப்பவர்கள் இன்று எதிர்கொள்ளும் சிக்கலையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடு என்னும் செம்மணல் மேட்டில் ஆடிக்காற்று வீசும் இரவில் நின்று பார்த்தவருக்கு அந்தச் சலசலப்பு எத்தகையது என்று தெரியும். மரத்திலேயே காய்ந்து தொங்கும் காவோலைகள் ஒன்றோடொன்று மோதும். ஓரத்தில் ரம்பப் பற்கள் கொண்ட கருக்குமட்டைகள் உராயும்போது யாரோ மரம் அறுப்பதைப் போன்ற கரகரப்பு எழும். ஊருக்குப் புதிதாக வந்தவர் ஒவ்வோர் ஒலிக்கும் திரும்பிப் பார்ப்பார். அங்கேயே பிறந்து வளர்ந்த நரி காதைக்கூட அசைக்காது. முப்பது பேய்ப்படம் பார்த்துவிட்ட தமிழ்ப் பார்வையாளர் ஏறத்தாழ அந்த நரியின் நிலையில்தான் இருக்கிறார்.

திரையில் கதவு படாரென்று சாத்தப்படும்போது நாம் இருக்கையில் துள்ளுகிறோமே, அதை அச்சம் என்று சொல்வது சரியன்று. திடுக்கிடல் என்னும் அனிச்சைச் செயல் அது. ஒலி, செவி நரம்பின் வழியாக மூளைத்தண்டை அடைந்து, அங்கிருந்து நேராகத் தண்டுவடத்தில் இறங்கிக் கழுத்துத் தசைகளையும் தோள் தசைகளையும் சுருக்குகிறது. சிந்திக்கும் மூளைப்புறணிக்கு இதில் வேலையே இல்லை. ஒலி காதில் விழுந்த 30 முதல் 50 மில்லிநொடிக்குள் இமைத் தசை சுருங்கத் தொடங்கிவிடும். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் திரைப்படத்தில் ஒரு சட்டகம் திரையில் தங்கும் நேரமே ஏறத்தாழ 42 மில்லிநொடிதான். ஆகவே, பேயின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்வையாளர் அறியும் முன்பே அவருடைய உடல் துள்ளத் தொடங்கியிருக்கும். ஒப்பனைக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது ஒலிக்குத் திருப்ப வேண்டும் என்று நான் கருதுவதற்கு இதுவே முதற்காரணம்.

ஒலி வெறுமனே உரக்க இருந்தால் போதாது. சில மில்லிநொடிகளுக்குள் உச்சத்தை எட்ட வேண்டும். அதே அளவு ஒலி மெல்ல மெல்ல ஏறினால் யாரும் துள்ளமாட்டார்கள். உரத்த ஒலிக்கு ஏறத்தாழ 100 மில்லிநொடி முன்னால் மெலிதான ஓர் ஒலி கேட்டுவிட்டாலும் துள்ளல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அடிக்கு முன்னால் அமைதி வேண்டும் என்று படத்தொகுப்பாளர்கள் அனுபவத்தால் கண்டுகொண்டதற்கு இந்த உடலியல் ஒத்துப்போகிறது. 1942-இல் வால் லூட்டன் தயாரித்த 'கேட் பீப்பிள்' என்ற ஹாலிவுட் படத்தில், இரவில் தனியே நடக்கும் பெண்ணைக் காலடி ஓசை ஒன்று பின்தொடர்கிறது. அந்த ஓசை அடங்கி, தெரு முழுவதும் அமைதியான பிறகு, சட்டென்று சீறிக்கொண்டு ஒரு பேருந்து வந்து நிற்கிறது. பேயும் இல்லை, புலியும் இல்லை, ஒரு பேருந்து மட்டுமே. இன்றளவும் இந்த உத்தியை 'லூட்டன் பஸ்' என்றே திரைத்துறையினர் அழைக்கிறார்கள்.

இந்த உத்தி விரைவில் தேய்ந்துபோவது ஏன் என்பதற்கான விடை, கடல்முயல் என்ற ஓடு வெளித்தெரியாத கடல் நத்தையிடம் கிடைத்தது. அதன் உடலில் ஓரிடத்தைத் தொட்டால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால் இழுப்பது குறைந்துகொண்டே வரும்; ஏனெனில் தொடு உணர்வைக் கடத்தும் நரம்பணு, அடுத்த அணுவுக்கு அனுப்பும் வேதிப்பொருளை ஒவ்வொரு முறையும் குறைத்துக்கொள்கிறது. இந்த ஆய்வுகளுக்காகவும் இவற்றைத் தொடர்ந்த நினைவு குறித்த ஆய்வுகளுக்காகவும் நரம்பியல் அறிஞர் எரிக் கேண்டல் 2000-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். நரியின் காது அசையாததற்கும் இதுபோன்ற பழக்கப்படுதலே காரணம். ஆனால் அந்த ஆய்வுக்கு ஒரு மறுபாதியும் உண்டு. பழகிப்போன கடல்முயலின் வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தால், அடுத்த மெல்லிய தொடுதலுக்கே அது முன்னைவிட வலுவாகச் செவுளை இழுத்துக்கொள்கிறது. பழகிய ஒலியையும் புதிதாக்க முடியும். அதற்கு முன்னதாக உயிரினத்தை ஒருவகை எச்சரிக்கை நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

மனிதரிடம் அந்த எச்சரிக்கை நிலையை உண்டாக்குவதில் முதன்மைப் பங்கு அமிக்டலா என்னும் மூளைப்பகுதிக்கும் அதையொட்டிய அமைப்புகளுக்கும் உரியது. இரு பக்க அமிக்டலாவும் சிதைந்துபோன ஒரு பெண்ணுக்கு ஆய்வாளர்கள் பேய்ப்படக் காட்சிகளைப் போட்டுக் காட்டியபோது, அவர் அவற்றை ஆர்வத்தோடு பார்த்தாரேயொழியச் சிறிதும் அஞ்சவில்லை. எச்சரிக்கை நிலையில் இருப்பவரிடம் அதே ஒலி எழுப்பும் துள்ளல் பெரிதாகிறது. இருட்டறையில் அமர்ந்திருப்பவர், வெளிச்சத்தில் இருப்பவரைவிட அதிகமாகத் திடுக்கிடுகிறார் என்பது ஆய்வகத்தில் அளந்து பார்த்த உண்மை. எல்லாவற்றையும்விட வலிமையானது, தீங்கு வரும் என்று தெரிந்தும் எப்போது வரும் என்று தெரியாத காத்திருப்பு.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் உடம்பால் அறிந்திருந்தேன். கணியான் கூத்துக் கலைஞர்கள் ஓலையைக் கொளுத்தி, அந்த அனலில் மகுடம் என்னும் தோற்கருவியைக் காட்டித் தோலை விறைப்பேற்றுவார்கள். பிறகு உச்ச மகுடமும் மந்த மகுடமும் மணிக்கணக்கில் முழங்கும்; காது அந்த முழக்கத்துக்குப் பழகி, சிறுபிள்ளைகள் அதன் நடுவிலேயே உறங்கிப்போவார்கள். நள்ளிரவில் சாமியாடி தீப்பந்தத்தோடு மயானத்துக்கு வேட்டைக்குப் புறப்படும்போது மகுடம் சட்டென்று நிற்கும். உறங்கிய பிள்ளைகள் விழித்துக்கொள்வது அப்போதுதான். யாரும் பின்னால் போகக் கூடாது, சாமி எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஆச்சி என் தலையை மடியில் அமுக்கி, "சத்தம் போடாதல, சாமி வாரதுக்குள்ள கண்ண மூடு" என்பாள். அந்த அமைதியில் ஒரு காவோலை கழன்று விழுந்த ஓசைக்கு நான் துள்ளியதைப் போல எந்தத் திரையரங்கிலும் துள்ளியதில்லை. பகலில் நூறு முறை கேட்டுப் பொருட்படுத்தாத ஓசைதான் அது.

நம் படங்களில் இந்தக் காத்திருப்பு அருகிவிட்டது என்பது என் வருத்தம். 2007-இல் 'முனி'யும் 2011-இல் 'காஞ்சனா'வும் வெற்றி பெற்றதற்குப் பின், பேயையும் நகைச்சுவையையும் ஒரே பந்தியில் பரிமாறும் படங்கள் பெருகின. குடும்பத்தோடு வந்து கத்திச் சிரித்துப் போவதில் ஓர் இன்பம் உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிரிப்பு வந்தால், சேர்த்துவைத்த எச்சரிக்கை நிலை கரைந்துவிடுகிறது. அடுத்த திடுக்கிடலைத் தரையிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால், ஒலியைக் கூட்டுவதைத் தவிர இயக்குநருக்கு வழியில்லை. கூட்டக் கூட்ட நரி பழகிக்கொள்ளும்.

ஒலியின் அளவைவிட அதன் தன்மை பயன்தரும். மனித அலறலை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, அலறலின் ஒலியளவு நொடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்குகிறது என்றும், காது அதைக் கரகரப்பாக உணர்கிறது என்றும், கரகரப்பு மிகுந்தால் அமிக்டலாவின் எதிர்வினையும் மிகுகிறது என்றும் காட்டியது. சாதாரணப் பேச்சில் இந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு ஐந்து முறை அளவிலேயே நடக்கிறது. கருக்குமட்டையின் பற்கள் வரிசையாக உராய்ந்து எழுப்பும் ஒலி ஏன் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது என்பதற்கும் இந்தக் கரகரப்பே காரணமாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இனி வரும் படங்களைப் பலர் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். அதன் சிறிய ஒலிபெருக்கியால் சில நூறு ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலியைச் சரிவர எழுப்ப முடியாது; திரையரங்கில் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் அடித்தள ஒலி அங்கே காணாமல் போய்விடும். கரகரப்பும் அமைதியும் கைப்பேசியிலும் பிழைத்துக்கொள்ளும். திரையரங்குக்கோ 2012-இல் அறிமுகமான டால்பி அட்மாஸ் என்னும் ஒலியமைப்பு கூரையிலும் ஒலிபெருக்கிகளைக் கொண்டுவந்திருக்கிறது. பனங்காட்டில் ஒலி தலைக்கு மேலிருந்துதான் வரும் என்பதால், இந்தத் தொழில்நுட்பம் நம் நிலத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஆயினும் ஓநாய் ஊளையையும் மரப்படிக்கட்டின் கிறீச்சிடலையும் ஆயத்த ஒலித்தொகுப்புகளிலிருந்து எடுத்து ஒட்டும் வழக்கம் இங்கே இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு ஓர் இளைஞர் ஆடி மாதத்தில் தேரிக்குப் போய், சலசலப்பை மட்டுமின்றி, பின்னிரவில் காற்று திடீரென நின்றபின் வரும் அமைதியையும் பதிவு செய்ய வேண்டும். ஒலிக்கூடத்தின் வெற்றமைதி அன்று அது. அதற்குள் பூச்சியின் ரீங்காரமும் தொலைவில் ஒரு நாயின் குரைப்பும் இருக்கும். அந்தப் பூச்சியும் ஓய்ந்துவிட்டால், பனங்காட்டு நரி காதை நிமிர்த்தும்.