கேட்டுக்குப் பின்னால் குரைக்கும் நாய்

டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ தெருவில் நடந்து போனால், வீட்டுக்கு வீடு கேட்டுக்குப் பின்னாலிருந்து குரைப்புச் சத்தம் கூடவே வரும். அந்த நாய்களைப் பொறுத்தவரை குரைப்பு தினமும் பலிக்கிறது. தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். வேலை முடிந்ததால்தான் போனார் என்று நாய்க்கு எப்படித் தெரியும்? ஒரு செயலைத் தொடர்ந்து நல்லது கிடைத்தால் அந்தச் செயல் வலுப்படும். தொல்லை விலகினாலும் வலுப்படும். பெட்டிக்குள் அடைத்த பூனைகளை வைத்து எட்வர்ட் தார்ன்டைக் 1898-இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த விதிக்கு அடித்தளம்.

அதனால் முதல் வேலை, நாய்க்கு அந்த வெற்றி கிடைக்காமல் செய்வது. கேட்டின் உட்புறம் நிழல்வலையை இழுத்துக் கட்டுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் நாயைப் பின்கட்டில் விடுங்கள்.

அடுத்து உட்காரப் பழக்குவது. உப்பில்லாமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவு நறுக்கிக்கொள்ளுங்கள். பில்டோங் என்னும் உலர்த்திய உப்பிறைச்சி வேண்டாம், உப்பு அதிகம். குழம்பிலிருந்து எடுத்த கறித்துண்டு அதைவிட மோசம்: வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். துண்டை மூக்கருகே காட்டி, தலைக்கு மேலாகப் பின்பக்கம் மெல்ல நகர்த்துங்கள். மூக்கு உயர உயரப் பின்புறம் தாழும். பிட்டம் தரையைத் தொட்ட கணத்தில் "சரி" என்று சொல்லி உடனே கொடுங்கள். இரண்டு மூன்று விநாடி தாமதித்தால் அதற்குள் நாய் எழுந்துவிடும். எழுந்ததற்குத்தான் கூலி கொடுத்ததாகும். கையை அதிகம் உயர்த்தினால் தாவும். பின்னாலேயே நடந்து போகிறதா? சுவரோரம் நிறுத்திச் செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை சரியாக வந்த பிறகு வெறுங்கையால் அதே சைகை, தீனி மற்ற கையிலிருந்து. சொல்லைச் சேர்ப்பது அதற்கும் பிறகு, சைகைக்குச் சற்று முன்பாக. தாத்தா "உட்கார்" என்றும் பேரன் "சிட்" என்றும் சொன்னால் நாய் இரண்டையும் தனித்தனியாகக் கற்க வேண்டியிருக்கும். வீட்டில் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். ஒரு வேளைக்கு 3 முதல் 5 நிமிடம் போதும். டர்பனின் டிசம்பர் புழுக்கத்தில் அதுவும் காலையிலேயே முடியட்டும்.

இனி கேட்டுக்கு வரலாம். ஆளைக் கண்டால் தீனி வரும் என்று பழக்குவதுதான் இங்கே வேலை. பலர் தவறவிடுவது வரிசையை. ஆள் தெரிந்த பிறகே தீனி வர வேண்டும். முந்திக்கொண்டு தீனியைக் காட்டினால், தீனியே ஆள் வருவதற்கான எச்சரிக்கையாகிவிடும். கோழித்துண்டைப் பார்த்தாலே சில நாய்கள் விறைத்துக்கொள்ளும். தூரமும் முக்கியம். முற்றத்தின் கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஆளைப் பார்த்தும் நாய் தீனியை வாங்கித் தின்றால் அந்தத் தூரம் சரி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் இன்னும் விலகுங்கள். ஆளைக் கண்டதும் அதுவாகவே உங்கள் பக்கம் திரும்பும் நாள் வரும். அதன் பிறகு ஓரிரு அடியாக நெருங்கலாம், உட்காரவும் சொல்லலாம்.

விருந்தாளிமேல் தாவும் நாய்க்கு மருந்து, அவர் முதுகைத் திருப்பி அசையாமல் நிற்பதுதான். நான்கு காலும் தரையில் பட்டால் மட்டும் கொஞ்சல். ஆரம்பத்தில் தாவல் குறையாமல் கூடவும் செய்யலாம். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது விலங்குகள் சில சமயம் இன்னும் பலமாக முயலும். அந்த நேரம் பார்த்து ஆயா இரக்கப்பட்டுத் தடவிக்கொடுத்தால், பலமாகத் தாவினால் பலன் உண்டு என்பதுதான் மனதில் பதியும். அடிப்பதோ வேறு வினை. வலியை நாய் தன் தாவலோடு சேர்க்காமல், எதிரே நிற்கும் விருந்தாளியோடு சேர்த்துவிடலாம்.

தீபாவளி வெடியும் நவம்பர் 5 அன்று வெடி வெடிக்கும் ஆங்கிலேயர் வழக்கமான கை ஃபாக்ஸ் (Guy Fawkes) நாளும் அடுத்தடுத்து வருவதால் ஆகஸ்டிலேயே தயாராக வேண்டும். பதிவு செய்த வெடிச்சத்தத்தை நாய் காதை மட்டும் அசைக்கும் அளவுக்குத் தணித்து வையுங்கள். முதலில் சத்தம், பிறகு தீனி. நாய் பதறாத வரை சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். வெடிக்கும் இரவிலேயே பயிற்சி கூடாது. ஜன்னல், திரைச்சீலை எல்லாம் மூடிய உள்ளறையில் வைத்திருங்கள். மிரளும் நாய்க்கு மருந்து வேண்டுமா என்று கால்நடை மருத்துவரிடம் சில வாரம் முன்பே கேளுங்கள். நடுங்கினால் அணைத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். பயம் நாய் வேண்டுமென்று செய்யும் செயல் அல்ல. அணைப்பு அதற்குக் கூலியாகி பயத்தை வளர்த்துவிடாது.