முடவாட்டுக்கால் சூப் குடிக்கலாம், மாத்திரையை நிறுத்தலாமா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனவர்களில் பலர் மூட்டுவலிக்கு நல்லது என்று முடவாட்டுக்கால் கிழங்கு வாங்காமல் இறங்குவதில்லை. பழுப்புச் சுணை மூடிய அந்தக் கிழங்கு, மயிர் பொசுக்காத ஆட்டுக்கால் போலவே இருக்கும். உண்மையில் அது மண்ணுக்குள் விளையும் கிழங்கே அல்ல. பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும் ஒரு பெரணியின் (ஃபெர்ன் செடியின்) தண்டு. விதை கிடையாது, இலையின் அடிப்புறத்து வித்துத்தூளால் பெருகும் இனம். வேரோடு பெயர்த்துவிட்டால் அந்தப் பாறை மறுபடி மூட வெகுகாலம் ஆகும். சாக்கு சாக்காக வாங்கிப் போகிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

பக்குவம் எளிது. சுணையோடு தோலைச் சீவி, கழுவி, நறுக்கி இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். சூடாகக் குடித்தால் உடல்வலிக்கு இதமாக இருக்கிறது என்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. எலிகளில் இதன் சாறு வீக்கத்தைத் தணித்ததாக ஆய்வுகளும் உண்டு. ஆனால் எலிக்குத் தணிந்ததை வைத்து மனிதருக்கு உத்தரவாதம் தர முடியாது. சித்த மருத்துவரே இப்படிப் பேசலாமா என்று சிலர் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும்.

மூட்டுவலி என்பது ஒரே நோய் அல்ல. படியேறும்போது மட்டும் முழங்கால் வலிக்கும் அறுபது வயதுக்காரருக்குத் தேய்மானமாக இருக்கலாம். அவர் சூப் குடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாமல், அந்த இறுக்கம் தளர ஒரு மணி நேரம் ஆகிறது, இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கியிருக்கின்றன என்றால் அது முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்ற மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம். அவர் அதற்கான மாத்திரையை நிறுத்திவிட்டுச் சூப்பை நம்பினால், வலி கொஞ்சம் மட்டுப்பட்டாலும் உள்ளே எலும்பு அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். கோணிப்போன விரலைப் பிறகு எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது.

“இயற்கைதானே, பக்கவிளைவு ஏது?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வயலில் நாலு இலையோடு நிற்கும் ஆரைக்கீரையும் பெரணி இனம்தான், அதைச் சமைத்து உண்கிறோம். மலைச்சரிவில் மண்டும் பிராக்கன் என்ற பெரணியும் அதே இனம். அதைத் தொடர்ந்து மேய்கிற மாட்டுக்குச் சிறுநீரில் ரத்தம் போகும், சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி வரும்.

கிழங்கைவிட என்னைக் கவலைப்பட வைப்பது, அதன் பெயரில் விற்கும் பொடி. முழுக் கிழங்கைப் பார்த்தால் அடையாளம் தெரியும். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்றவருக்கே வெளிச்சம். பல மாத வலி இரண்டே நாளில் பறந்துவிட்டது என்று நோயாளி சொன்னால் நான் முதலில் பார்ப்பது அவர் முகத்தை. கன்னம் உப்பி, முகம் வட்டமாகி, கூடவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறியிருந்தால் பொடியில் வீக்கத்தையும் வலியையும் சட்டென்று அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்குமோ என்றே சந்தேகிப்பேன். அப்படிப்பட்ட பொடியைப் பல வாரம் சாப்பிட்டவர் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே வினையாகலாம். மிச்சமிருக்கும் பொடியை டப்பாவோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டுமா என்பதை அவர் பரிசோதித்துச் சொல்வார்.